வால் சுழித்த இரண்டு

பொய் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. நெப்ராஸ்காவில் எங்கள் வீட்டுக் கொல்லையில் அந்த நிலவறைக் கதவு இன்னும் கிடக்கிறது. நம்பாதவர்கள் வந்து பார்க்கலாம்.

எங்கள் சாலையில் மூன்றே வீடுகள். சுழற்காற்று வருகிறதென்று சைரன் ஊதினால், நிலவறைக்குள் இறங்கும் முன் எத்தனை பேர் என்று கதவின் வெளிப்பக்கம் சாக்பீஸால் எழுதிவிடுவோம். மேலே மரம் விழுந்தால் தோண்டுகிறவர்களுக்குத் தெரிய வேண்டுமே.

ஏழு வருடத்துக்கு முன் ஒரு ஜூன் மாதம். நான் டவுனில் கடை வேலையில் இருந்தேன். வீட்டில் என் கணவன் மெல்வினும் என் அக்கா லொரேட்டாவும். புயல் அடங்கி நான் ஓடி வந்தபோது, நிலவறையிலிருந்து மெல்வின் மட்டும் ஏறி வந்தான். அக்காவை அரை மைல் தள்ளிக் கோதுமை வயலில் பிணமாக எடுத்தார்கள். கதவில் ‘2’ என்று இருந்தது.

"அவ வந்துடுவான்னு நம்பி நான்தான் எழுதினேன். வரவே இல்ல" என்று அழுதான். அவனைக் கட்டிக்கொண்டு நானும் அழுதேன்.

போன வருடம் ஜூன் 14. மாலை 5.40க்கு, சுழற்காற்றுக்கு முன் ஆவதுபோல், வானம் பச்சையாகிவிட்டது. 5.52க்குச் சைரன். நான் ‘2’ எழுதினேன். இறங்கினோம். மெல்வின் உள்ளே சங்கிலி போட்டான்.

5.58. ஆலங்கட்டி. பலகையில் தட... தட... தட...

6.03. எல்லாம் நின்றது.

அப்போதுதான் கேட்டது. மூன்று தட்டு. கொஞ்சம் விட்டு, இன்னொன்று.

அக்கா அப்படித்தான் தட்டுவாள். குளியலறைக் கதவானாலும்.

"ஜோலீன்... நான்தான்டி. நனைஞ்சுட்டேன். திற."

எழுந்தேன். மெல்வின் என் கையைப் பிடித்தான்.

"திறக்காத."

"அக்கா குரல்..."

"திறக்காத. அன்னைக்கும் இப்படித்தான் தட்டினா."

அன்றைக்கும்...

தட்டுவது நின்றது.

"அன்னைக்கு வந்தாளா?"

"காத்து பக்கத்துல வந்துடுச்சு. திறந்திருந்தா நானும் போயிருப்பேன்."

"அந்த ரெண்ட எழுதினது யாரு?"

மெல்வின் சங்கிலியை இன்னொரு சுற்று சுற்றினான்.

வால் சுழித்த ‘2’. அன்று கதவில் இருந்தது அதுதான். பள்ளிக்கூட நாளிலிருந்து அக்கா அப்படித்தான் எழுதுவாள். துக்கத்தில் எனக்கு அது உறைக்கவில்லை. உள்ளே இருந்த அவனுக்கும் சேர்த்து எழுதிவிட்டுக் கதவை இழுத்திருக்கிறாள். பாவி அதற்குள் உள்ளே சங்கிலி போட்டிருக்கிறான். இவனுக்கா நான் இத்தனை வருடம் ஆறுதல் சொன்னேன்?

6.20க்கு ஏறி வந்தேன். சேற்றில் ஒரு காலடித் தடம்கூட இல்லை. கதவில் நான் எழுதிய ‘2’ மழையில் மங்கியிருந்தது. அதை அழித்து ‘1’ என்று எழுதினேன்.

"இனிமே உனக்கு இது போதும்" என்று சொல்லிவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு டவுனுக்கே குடிபோய்விட்டேன்.

இந்த வருடம் மே 27. அன்றும் சுழற்காற்று. மாலை 7.10க்குத் தீயணைப்புத் தொண்டர் ஆர்லின் போன் செய்தார்.

"மெல்வின் உன்கூட இருக்கானா?"

"இல்ல. நிலவறையில பாருங்க."

"பாத்தாச்சு. சங்கிலி உள்பக்கம் போட்டிருந்துச்சு. அறுத்துட்டு இறங்கினோம். பூட்ஸ் மட்டும்தான் கிடக்கு. ஆளக் காணோம்."

ஆர்லின் குரலைத் தாழ்த்தினார்.

"கதவுல ரெண்டுன்னு போட்டிருக்கே ஜோலீன்... கூட யாரு இருந்தா?"

போய்ப் பார்த்தேன். கதவெல்லாம் ஈரம். சாக்பீஸ் எழுத்து மட்டும் காய்ந்திருந்தது.

வால் சுழித்த ‘2’.