அந்தமான் கடலுக்கு ஒரு சாதாரண வருடம்

அந்தமான் கடலின் அடியாழத்தில் தண்ணீர் எப்படிச் சுற்றுகிறது, வருங்காலத்தில் அது எப்படி மாறும் என்று கணினியில் ஓட்டிப் பார்ப்பதுதான் என் வேலை. அந்தக் கடலைச் சுற்றித் தண்ணீருக்கடியில் மலைத்தொடர். ஆழத்துத் தண்ணீர் லேசில் மாறாது. அது ஒரு நிலைக்கு வந்து சேரவே கணினிக்குள் நூற்றுக்கணக்கான வருடங்கள் ஓட வேண்டும். தண்ணீரை நகர்த்துவது காற்று; அத்தனை வருடத்துக் காற்றுக்கு எங்கே போவது? அதனால் பெரிய புயல் எதுவும் இல்லாத ஒரு சாதாரண வருடத்தை எடுத்து, அதன் காற்றையே திரும்பத் திரும்ப வீசவிடுவோம்.

நான் எடுத்தது எங்களுக்குக் கல்யாணமான வருடம். சத்தியமாக வேண்டுமென்று எடுக்கவில்லை. கடலில் அந்த வருடம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை, அவ்வளவுதான்.

என் கணவர் மண்ணூர்பேட்டையில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டினார். "ஒரே வருசத்தயே ஓட்டிக்கினு கீறியே, கடலுக்கு போரடிக்காது?" என்று வம்புக்கு இழுப்பார்.

"உங்க லேத்துக்கு போரடிக்குதா?" என்பேன்.

போன ஐப்பசியில் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. பாவி மனுஷன், ஒரு வாய் தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பினேன். திரையில் அந்த வருடம் மறுபடி ஜனவரியிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. கல்யாண நாள் வரும்போதெல்லாம் நிறுத்திவைத்துக் காற்றுப் படத்தைப் பார்ப்பேன். வெறும் அம்புக்குறிகள். பைத்தியக்காரத்தனம்தான், இருக்கட்டும். முடிந்தாலும் அது மறுபடி வரும் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

போன வாரம் எங்கள் குழுத் தலைவர் வருடத்தை மாற்றச் சொன்னார். அந்த வருடம் தென்மேற்குக் காற்று மெலிந்துவிட்டதாம், அதனால் அடித்தண்ணீர் தப்பான பக்கம் நகர்கிறதாம். அது சாதாரண வருடமே இல்லை என்றார். அதை இவர் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா? சண்டை போட்டேன். பிறகு நானே உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். என் கையாலேயே அதை எடுத்துவிட்டு வேறு வருடத்தைப் போட்டேன்.

திருமுல்லைவாயிலில் ரயிலைவிட்டு இறங்கி வீட்டுக்கு வந்ததும் மாமியாரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"அந்த வருசத்த வச்சிக்க வுடலியாம்மா?"

"அதுல அவரு இல்ல அத்தை. வெறும் காத்து. அதுவும் எங்கியோ கடல் மேல அடிச்ச காத்து."

"இருக்கட்டுமே. அந்த வருசம் என் புள்ள மூச்சு வுட்டதும் அந்தக் காத்துலதானே?"

கீரையை அப்படியே போட்டுவிட்டு இரண்டு பேரும் வாய்விட்டு அழுதோம்.