மாத்திரை அட்டை செருகிய பக்கம்

படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் பதினெட்டு வருடங்களை ஓட்டிவிட்டாள் அக்கா. போகிற வீட்டிலெல்லாம் அவளுக்கு அதுதான் பெயர். எழுபது வயதுக்காரரும் அக்கா என்றே கூப்பிடுவார். இடுப்பு எப்போதோ கைவிரித்துவிட்டது. இன்னொரு வீடு தேடி, இன்னொரு உடம்பைத் தூக்கிப் பழக அவளிடம் தெம்பில்லை. இந்த வீட்டு அம்மா ஒல்லியாக இருந்தது அவள் செய்த புண்ணியம்.

அம்மா முப்பது வருடம் நீதிமன்றத்தில் டைப்பிஸ்டாக இருந்தவர். பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போய், இடது கை மட்டும் மிச்சம். கையைப் பிடித்து ஒரு அழுத்து என்றால் சரி. இரண்டு என்றால் வேண்டாம்.

மத்தியானங்களில் வாசித்துக் காட்ட மகள் நீதிக்கதைகள் வாங்கி வைத்திருந்தாள். எடுத்த எடுப்பிலேயே இரண்டு அழுத்து. மறுநாள் அக்கா தன் பையில் கிடந்த கொலைக்கதையை எடுத்தாள். ஒரே அழுத்து, விரல் நோகிற அளவுக்கு! அக்காவுக்கும் கொலை என்றால் கொள்ளை ஆசை, கதையில் மட்டும். கட்டிலில் எறும்பு ஊர்ந்தால்கூட ஊதித்தான் விடுவாள்.

வினை அவள் வழக்கத்திலேயே இருந்தது. மருந்துக் கடையில் காட்டக் காலி மாத்திரை அட்டையைத் தூக்கி எறியாமல் வைப்பாள். வைக்கிற இடம், படித்து நிறுத்திய பக்கம். அன்று சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்த மகள், அட்டை எங்கே என்று கேட்டாள்.

"புத்தகத்துல இருக்கும்மா, எடுத்துக்கோங்க."

மகள் புத்தகத்தைப் பிரித்தாள். அந்தப் பக்கத்தில், படுத்த படுக்கையாகக் கிடக்கும் தாய்க்கு ஒரு மகள் பாலில் தூக்க மாத்திரைகளைக் கலந்துகொண்டிருந்தாள்.

"என்னக்கா இது? இதையா எங்கம்மாவுக்குப் படிச்சுக் காட்டுறீங்க?"

"அவங்களுக்குப் பிடிச்சிருக்கும்மா."

"உங்களுக்கு?"

"பிடிக்கும்." பொய் சொல்லக்கூட அலுப்பாக இருந்தது அக்காவுக்கு. "நல்லவங்க கதைன்னா அங்கயும் யாருக்காவது கஞ்சி ஊட்டிக்கிட்டே இருக்கணும். கொலைன்னா போலீஸ் பாத்துக்கும். நான் சும்மா உக்காந்திருக்கலாம்."

மகள் சிரிக்கவில்லை. "இதை ரசிக்கிறவங்க கையில அம்மாவை விட்டுட்டு நான் எப்படி ஆபீஸ்ல உக்காருவேன்? நாளையிலேர்ந்து வர வேண்டாம்."

பதினெட்டு வருடம் பீ, மூத்திரம் அள்ளிய கை இது என்று சொல்ல வாய்வரை வந்தது. யாரிடம் சொல்லி என்ன? அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு புத்தகத்துக்காகக் கை நீட்டினாள். அதற்குள் அம்மாவின் இடது கை மகளின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டது.

"வேண்டாம்மா, அவங்க புத்தகம். குடுத்துடலாம்."

இரண்டு அழுத்து.

"முடிவு தெரியணும் அவங்களுக்கு," என்றாள் அக்கா. "நான்தான் போறேனே, நீங்களே படிச்சுடுங்க."

மகள் உட்கார்ந்தாள். குரல் கரகரக்க, வேண்டா வெறுப்பாகப் படித்தாள். "அவள் பாலைக் கலக்கினாள். அம்மா சாக வேண்டும் என்றுகூட இல்லை. ஒரே ஒரு ராத்திரி, யாரும் கூப்பிடாமல் தான் தூங்க வேண்டும் என்றுதான்..."

அங்கே நின்றுவிட்டாள். வாசற்படியில் அக்காவும் நின்றாள்.

"நானும் நினைச்சிருக்கேன்மா," என்றாள் மகள், புத்தகத்தைப் பார்த்தபடியே. "நிறைய நாள்."

அம்மாவின் விரல்கள் ஒரு முறை அழுத்தின. மகள் இரண்டாவது அழுத்துக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை. அவள் முகத்தை மூடிக்கொண்டு விம்மி விம்மி அழுதாள்.

அக்கா பையை இறக்கி வைத்தாள்.

"அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்கிற நேரமாச்சு. அந்தப் பக்கம் பிடிங்க."

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாத்திரை அட்டையை அதே பக்கத்தில் செருகி, புத்தகத்தை அம்மாவின் தலைமாட்டில் வைத்துவிட்டு எழுந்து வந்து பிடித்தாள்.