இடது பக்கம் திருகிய குமிழ்

மெட்ரோவில் பார்க்கிறேன், பிள்ளைகள் எல்லாம் காதுக்குள் வேர்க்கடலை மாதிரி ஒன்றைச் செருகிக்கொண்டு தனித்தனியாகத் தலையாட்டுகிறார்கள். பாட்டு என்றால் பக்கத்து வீட்டுக்காரனுக்கும் கேட்க வேண்டும். அவன் வந்து சண்டை போட வேண்டும். நாம் கொஞ்சம் குறைத்து வைத்து, அவன் படி இறங்கியதும் பழையபடி கூட்ட வேண்டும். அப்படிக் கேட்டுத்தான் எனக்குப் பழக்கம்.

நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் இருந்துகொண்டு சர்க்கார் ஜீப் ஓட்டினேன். ஆனால் பாட்டுப் பெட்டிகளைப் பற்றி என்னிடம் அபிப்பிராயத்துக்குப் பஞ்சமே கிடையாது. வால்வு ரேடியோவைப் போல ஒன்று இனிமேல் வராது. டெல்லிக் குளிரில் அதன் முதுகில் கையை வைத்தால் கதகதவென்று இருக்கும். எங்கள் வீட்டுப் பூனை செய்தி கேட்காத நாளே இல்லை. டிரான்சிஸ்டர் வந்ததும் மனுஷன் கக்கூஸுக்குள்ளும் கிரிக்கெட்டை எடுத்துப் போனான், நாங்கள் வெளியே வாளியோடு நின்றோம். அதற்கப்புறம் டூ-இன்-ஒன். ரேடியோவும் கேசட்டும் ஒரே உடம்பில், ஒரே ஸ்பீக்கர். கரோல் பாக்கில் ஒரு சந்துக்குள் வாங்கினேன். டேப் சிக்கினால் பென்சிலை விட்டுச் சுற்றலாம், மக்கர் பண்ணினால் தலையில் ஒன்று வைக்கலாம். அடி வாங்கிக்கொண்டு ஒழுங்காகப் பாடுகிற பெட்டிதான் குடும்பத்துக்கு ஏற்றது.

மாடி வீட்டு சாருக்கு இது பிடிக்காது. தஞ்சாவூர்ப் பக்கம், ஆபீஸில் பெரிய வேலை. கலர் டிவி வந்த சமயத்தில் அவருடைய தம்பி வெளிநாட்டிலிருந்து ஒரு ஸ்டீரியோ கொண்டுவந்து கொடுத்திருந்தார். இரண்டு ஸ்பீக்கர், ஆடுகிற முள்கள், குதிக்கிற பச்சை விளக்குகள். ஞாயிற்றுக்கிழமை வெயிலில் புல்தரையில் உட்கார்ந்து இங்கிலீஷ் பத்திரிகையில் புதுப் பெட்டிகளைப் பற்றி வாசித்துக் காட்டுவார். கேசட்டைத் திருப்பிப் போடவே வேண்டாம், அதுவே திரும்பிக்கொள்ளும் என்று ஒரு நாள் சொன்னார். அதற்கும் எழுந்திருக்காவிட்டால் மனுஷன் எதற்குத்தான் எழுந்திருப்பான் என்று கேட்டேன். அவர் பத்திரிகையை மடித்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

அந்தக் குளிர்காலத்தில்தான் என் மகளுக்குத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. நல்ல இடம். போட்டோ பிடித்துவிட்டது, ஜாதகம் பொருந்திவிட்டது. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு மட்டும் ஒரு சந்தேகம். டெல்லியில் பிறந்த பெண்ணுக்குத் தமிழ் வருமா, வீட்டில் ஊமை மாதிரி உட்கார்ந்திருக்குமா என்று. பாட்டெல்லாம் வேண்டாம், நாலு வார்த்தை தமிழ் பேசி ஒரு கேசட் அனுப்பச் சொல்லுங்கள் என்று ஆள் மூலம் சொல்லிவிட்டார். அப்போதெல்லாம் ஊருக்குப் போகிறவர் கையில் ஊறுகாய் பாட்டிலோடு குரலையும் கொடுத்தனுப்புவோம்.

சந்தேகம் நியாயம்தான். என் மகள் காய்கறிக்காரனோடு இந்தியில் சண்டை போட்டால் அவன் ஓரமாகத் தள்ளுவண்டியை நிறுத்திவிட்டுக் கேட்பான். தமிழ் என்றால் முதல் வாக்கியத்திலேயே மூச்சு வாங்கும். நான் சொல்லிக்கொடுத்தால் அப்படியே திருப்பிச் சொல்லிவிடுவாள். அது போதும் என்று என் டூ-இன்-ஒன்னை எடுத்து வைத்தேன்.

சார் விடவில்லை. "கல்யாண விஷயம்யா. இந்தத் தகர டப்பாவுலயா பதிவு பண்ணுவே? மாடிக்கு அழைச்சுண்டு வா."

மாடியில் இரண்டு மைக். ஒன்று மகளுக்கு முன்னால், இடது பக்கத்துக்கு. இன்னொன்று மூலை அலமாரியில், வலது பக்கத்துக்கு. அறையோட களையும் விழணும் என்றார். அறைக்கு என்ன களை என்று எனக்குப் புரியவில்லை. அந்த மூலையில்தான் ஸ்டூல் கிடந்தது. நான் அதில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக மெதுவாக எடுத்துக் கொடுத்தேன், அவள் சொன்னாள். நடுவில் ஓர் இடத்தில் மட்டும் கொஞ்சம் தாமதம்.

போட்டுப் பார்த்தபோது வலது ஸ்பீக்கரில் நான் கணீரென்று பேசிக்கொண்டிருந்தேன்.

மகள் இன்னொரு தடவை முடியாது என்று கீழே போய்விட்டாள். கேசட்டை ஊருக்கு எடுத்துப்போக ஒப்புக்கொண்டவர் ஸ்டேஷனுக்குக் கிளம்ப வாசலில் நின்றார். சார் பதறவில்லை. ஒரு குமிழை இடது பக்கம் முழுக்கத் திருகினார். என் குரல் மாயமாகிவிட்டது. மகளுடைய குரல் மட்டும், தேன் மாதிரி.

"பாத்தியா, தொடைச்சாச்சு. நடுவுல நிறுத்தறா பாரு, வெக்கம். நன்னாருக்கு."

வாழ்நாளில் முதல் தடவையாக அவருடைய பெட்டியை மதித்தேன். கேசட்டை அப்படியே எடுத்துக் கொடுத்தனுப்பினோம். தனக்கென்று அதில் ஒரு பிரதியும் எடுத்து வைத்திருந்தார், பெட்டியின் பெருமையை வருகிறவர்களுக்குக் காட்ட.

ஊரிலிருந்து பதில் இல்லை. பொங்கலும் போயிற்று. என் மனைவி மலை மந்திருக்குப் போய் முருகனிடம் முறையிட்டுவிட்டு வந்தாள். மகள் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் வாசலில் சைக்கிள் மணி அடித்தால் முதலில் எட்டிப் பார்ப்பது அவள்தான். அதைப் பார்க்கச் சகிக்காமல், அப்படி என்ன குறையாகப் பேசிவிட்டாள் என்று சாருடைய பிரதியை வாங்கிவந்து என் பெட்டியில் போட்டேன். ஒற்றை ஸ்பீக்கருக்கு இடது ஏது, வலது ஏது? எல்லாம் ஒன்றாகக் கலந்து வந்தது.

"அத்தை, நல்லா இருக்கியளா?" இது நான். "அத்தை, நல்லா இருக்கியளா?" இது மகள்.

"நான் புளிக்கொழம்பு நல்லா வைப்பேன்." நான்தான். மகளிடமிருந்து சத்தமில்லை. மறுபடியும் நான்: "சொல்லு பிள்ள, பாதகமில்ல. கல்யாணத்துக்கு அப்புறம் கத்துக்கிடலாம்." அதற்குப் பிறகு மகள்: "நான் புளிக்கொழம்பு நல்லா வைப்பேன்."

என் மனைவி அடுப்பங்கரையிலிருந்து வந்து நின்றாள். குமிழ் திருகினால் காதுக்குத்தான் மறைகிறது, டேப்பில் அப்படியே இருக்கிறது என்பது நான் போய்ச் சொன்ன பிறகு சாருக்கும் அன்றைக்குத்தான் உறைத்தது. மாப்பிள்ளை வீட்டிலும் என்னுடையதைப் போல ஒற்றை ஸ்பீக்கர் பெட்டிதான் என்று போட்டோ கொண்டுவந்தவர் முன்பே சொல்லியிருந்தார். அன்று எங்கள் வீட்டில் புளிக்குழம்பு வைத்திருந்தார்கள். நான் மோர் ஊற்றிச் சாப்பிட்டேன்.

கேசட் கொண்டுபோனவர் மாசிக் கடைசியில் ஊரிலிருந்து திரும்பி வந்தார். கருப்பட்டியோடு ஒரு கேசட்டும் கொடுத்தார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. சாரும் இறங்கி வந்துவிட்டார். என் பெட்டியில்தான் போட்டோம்.

மாப்பிள்ளையின் அம்மா குரல். "அண்ணாச்சி, கேசட்டு கேட்டோம். தெருவே கேட்டுச்சு. பொண்ணு கொஞ்சம் பேசுது, நீங்க நெறைய பேசுதிய. ரெண்டையும் சேத்தா தமிழ் போதும். புளிக்கொழம்ப பத்தி வெசனப்படாதிய, என் மவன் வைப்பான். இனி அவன் பேசுதான், கேளுங்க."

பேச்சு இல்லை. யாரோ ஒரு பெரியவர், பட்டாளத்தில் இருந்தவர் போல, அதட்டுகிற குரலில் "ஆப் கைஸே ஹைன்" என்று இந்தியில் நலம் விசாரித்தார். மாப்பிள்ளை பயந்துகொண்டே "ஆப் கைஸே ஹைன்" என்றார். நலம்தான் என்கிற பதிலையும் பெரியவரே எடுத்துக் கொடுத்தார், "மே டீக் ஹூன், சொல்லுடே." மாப்பிள்ளை, "மே டீக் ஹூன், சொல்லுடே."

என் மகள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சார் மட்டும் சிரிக்கவில்லை. கேசட்டைக் கொடு, மாடியில் போட்டு அந்தப் பெரியவரை நீக்கிக் காட்டுகிறேன் என்றார். போட்டும் பார்த்தார். குமிழை இடது பக்கம் திருகினாலும் இரண்டு பேரும் வந்தார்கள், வலது பக்கம் திருகினாலும் இரண்டு பேரும் வந்தார்கள். ஒற்றை மைக்கில் பேசியவர்களைப் பிரிக்க எந்த வெளிநாட்டுப் பெட்டியாலும் ஆகாது.

மகள் மாடிக்குப் போய்க் கேசட்டை வாங்கிவந்தாள். என்னிடம் கேட்காமல் என் டூ-இன்-ஒன்னைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். டேப் பின்னால் ஓடுகிற சத்தம், பொத்தான் அமுங்குகிற சத்தம், "மே டீக் ஹூன், சொல்லுடே." மறுபடி பின்னால் ஓடுகிற சத்தம். ஆகாசவாணியில் செய்தி நேரம் வந்தது. கதவைத் தட்டினேன்.

"தோடா ருக்கோ, அப்பா," என்றாள். நான் கொஞ்சம் பொறுக்க வேண்டுமாம்.

அந்தப் பெட்டி பிறகு என் கைக்கு வரவேயில்லை. கல்யாணச் சாமான்களோடு அதுவும் ரயில் ஏறிவிட்டது. நான் செய்தி கேட்க மாடிக்குத்தான் போக வேண்டியிருந்தது, அந்தப் பச்சை விளக்குகளையும் பார்த்துக்கொண்டு.