நான் ஒட்டிய தரை

திருவனந்தபுரம் கரமனையில் நாங்கள் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருக்கும் வீட்டின் மேல்மாடிக்கு டைல் ஒட்டியது நான்தான். பழைய சிமெண்ட் தரையை உடைக்க வேண்டாம், அதன் மேலேயே ஒட்டிவிடு, ஆள் குடிவரப் போகிறது என்று வீட்டுக்காரர் அவசரப்படுத்தினார். இரண்டே நாளில் முடித்தேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

குடிவந்தவர்கள் ஒரு இளம் மலையாளித் தம்பதி, கைக்குழந்தையோடு. வந்த நாளிலிருந்து தலைக்கு மேல் தொம் தொம். குழந்தை எழுந்து நிற்கத் தொடங்கிய பிறகு இன்னும் மோசம். என் மனைவி ஹோட்டல் அடுக்களை வேலைக்கு விடியுமுன்பே போய் மதியம் திரும்புகிறவள். பகலில் கண்ணயர்ந்தால்தான் உண்டு. "என் தலையில நடக்குத மாதிரி இருக்கு" என்று அழுவாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஒட்டடைக் கம்பால் மேலே இடிப்பேன். நான் இல்லாத நாளில் அவளே இடிப்பாள். கொஞ்ச நாளில் சத்தம் அடங்கியது. வழிக்குக் கொண்டுவந்துவிட்டேன் என்று மார்தட்டிக்கொண்டேன்.

போன மாதம் மேலே ஒரு டைல் விரிசல் விட்டது. ஒரு மதியம், மனைவி கீழே உறங்கும்போது, பார்க்கப் போனேன். அந்தப் பெண்ணின் இடுப்பில் ஒன்றரை வயதுக் குழந்தை. நல்ல கனம்.

"எறக்கி விடுங்கம்மா, இடுப்பு ஒடிஞ்சிரும்" என்றேன்.

"வேண்டா சேட்டா. தரையில விட்டா கீழ சேச்சிக்கு உறக்கம் கெடும். நீங்க தட்டினதும் நான் தூக்கிடுவேன். கொச்சுப் பிள்ளை இன்னும் சரியா நடக்கப் படிக்கல்ல."

அவள் குத்திக்காட்டவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

நான் குனிந்து, பசை பூசும் கரணையின் பிடியால் டைலைத் தட்டினேன். பொக்குச் சத்தம். பக்கத்து டைலும் அப்படித்தான். அறை முழுக்கத் தட்டிப் பார்த்தேன். அவசரத்தில் பசையைப் பரவலாகப் பூசாமல், மூலைக்கு ஒரு உருண்டையும் நடுவில் ஒன்றுமாக வைத்து ஒட்டியிருந்தேன். மற்ற இடமெல்லாம் வெறும் காற்று. கரண்டி விழுந்தாலும் கீழே இடியாகத்தான் கேட்கும். எனக்கு வெட்கமாகப் போயிற்று.

"பிள்ளை மேல குத்தம் இல்லம்மா. எல்லாம் நான் ஒட்டுன லட்சணம். அவ்வளவையும் பெயர்த்து நானே ஒட்டித் தாறேன். பிள்ளைய விடுங்க, நடக்கட்டு."

அவள் தயங்கித் தயங்கி இறக்கிவிட்டாள். குழந்தை சுவரைப் பிடித்து நின்றது, கையை விட்டது, இரண்டு எட்டு வைத்தது. தொம், தொம்.

கீழேயிருந்து என் மனைவி கம்பால் இடித்தாள்.

குழந்தை அழவில்லை. அப்படியே நின்று, அம்மாவைப் பார்த்து இரண்டு கைகளையும் தூக்கியது.