மிஸ் பார்க்கர் என்ற பெயரில் ஒரு சான்றிதழ்

1. யாங்கோனின் கியாக்டடா வட்டாரத்தில் உள்ள ஆங்கிலப் பயிற்சி நிலையத்துக்குச் செல்வியோடு வருகிறேன். நான் இந்த ஊரில் தங்கியிருக்கும் வீட்டுப் பெண் அவள், இங்கே ஆசிரியை.

2. வாசல் பலகையில் அவள் படம் இருக்கிறது. அடியில் ‘மிஸ் பார்க்கர்’ என்று எழுதியிருக்கிறது.

3. சிங்கப்பூர் வேலைக்காக அவள் கேட்டிருந்த அனுபவச் சான்றிதழை முதலாளி ஊ டின் நீட்டுகிறார். அதிலும் மிஸ் பார்க்கர்தான்.

இங்கே எல்லா ஆசிரியர்களுக்கும் ஆங்கிலக் குடும்பப் பெயர் ஒன்றை மாட்டிவிடுகிறார்கள். அப்போதுதான் பிள்ளைகள் சேருவார்களாம். பர்மியர்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாது. எங்களுக்கும் அப்பா பெயரின் முதலெழுத்தோடு சரி. பார்க்கர் என்பது இங்கிலாந்துப் பிரபுக்களின் வேட்டைக்காட்டைக் காவல் காத்தவர்களுக்கு வந்த பெயர். அந்தக் காவல்காரன் பெயர் இல்லாமல் இவள் நடத்தும் இலக்கணம் செல்லாது போலிருக்கிறது.

“செல்வி என்று மாற்றிக் கொடுங்கள்” என்கிறேன்.

ஊ டின் எனக்காக ஆங்கிலத்திலேயே சொல்கிறார்: “செல்வி என்று யாரும் இங்கே வேலை பார்க்கவில்லை, தங்கச்சி.”

“அப்படியானால் இத்தனை நாள் சம்பளம் யாருக்குக் கொடுத்தீர்கள்?”

“மிஸ் பார்க்கருக்கு.”

அவர் முகத்தில் கூச்சமே இல்லை. பிள்ளைகளின் பெற்றோருக்கு உண்மைப் பெயர் தெரிந்தால் வியாபாரம் போய்விடும் என்று மட்டும் சொல்கிறார்.

படியிறங்கும்போது செல்வி சொல்கிறாள்: “அந்தப் பார்க்கரையே சிங்கப்பூருக்கு அனுப்பிவைக்கட்டும்க்கா. நான் இங்கயே இருந்துக்கிறேன்.” எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவளுடைய பாஸ்போர்ட்டில் செல்வி என்றே இருக்கிறது. அந்தப் பெயரில் அனுபவச் சான்று இல்லாததால் விண்ணப்பம் அப்படியே நிற்கிறது. வேறு வேலை கிடைக்கும்வரை மிஸ் பார்க்கர் வகுப்பெடுப்பாள்.