ஜெர்மனி சட்டையில் ஏழுமலை

ஜெர்சியில் பெயர் ஒட்டும் தொழிலில், மிஷினைவிட வாடிக்கையாளர்தான் சீக்கிரம் சூடாவார். கடை வைத்து வதைபடும் சக ஜீவன்களே, உங்களுக்குச் சொல்லவா வேண்டும்!

வெள்ளைச் சட்டை

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் என் கடை. வேலையில்லாத மத்தியானங்களில் செல்போனைச் சாய்த்துவைத்து ஜெர்மனி பெண்கள் கால்பந்து அணியின் பழைய மேட்சுகளைப் பார்ப்பேன். சத்தத்தை அடியோடு குறைத்துவிடுவேன். வெள்ளைச் சட்டை, கருப்புக் கால்சட்டை, பச்சைப் புல், மேலே சன்னமாக மழை. பந்து ஒருத்தி காலிலிருந்து இன்னொருத்தி காலுக்குப் போகிற அழகில் நம்மூர் வெயில் மறந்துபோகும். நானும் அவர்களுடைய பெஞ்சில், ஓரமாக, சால்வை போர்த்தி உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்வேன்.

ஒலக்கூர்ப் பக்கத்துப் பள்ளி அணியின் கோல்கீப்பர் சங்கீதா ஒருநாள் என்னோடு நின்று பார்த்தாள். அவள் கண் அந்த கோல்கீப்பரின் கைகளை விட்டு நகரவில்லை. விழுப்புரம் ஃபைனலுக்கு அணி மொத்தத்துக்கும் வெள்ளை, தனக்கு மட்டும் பச்சை, எல்லார் முதுகிலும் அவர்களைப் போலவே பெயர் வேண்டும் என்றாள். விளையாட்டு விடுதியில் இடம் கிடைத்ததாமே, போகிறாயா என்று கேட்டேன்.

"அப்பா இந்த மேட்ச்சோட போதும்னுட்டாருக்கா. சட்டையாவது அவங்களுது மாதிரி இருக்கட்டும்."

வரிசையில் நின்ற ஜெர்மனி

சட்டைகளை அடுக்கிவைத்துவிட்டு அப்படியே கண்ணயர்ந்தேன். கனவில் ஜெர்மனி அணி முழுவதும் விழுப்புரம் பஸ்ஸிலிருந்து இறங்கி, ஆளுக்கொரு பொட்டலம் வேகவைத்த மல்லாட்டையோடு, அதாவது எங்கள் பக்கத்து நிலக்கடலையோடு, என் கடை வாசலில் வரிசை கட்டியது. ஒருத்தியும் அவசரப்படவில்லை. இப்படிப்பட்ட வாடிக்கையாளர் கனவில்தான் வருவார்கள். சர்டிபிகேட்டுக்குக் கேட்பதுபோல அப்பா பேர் என்ன என்று கேட்டேன். அத்தனை பேரும் திரும்பி முதுகைக் காட்டினார்கள்.

அட, அங்கே இருப்பது குடும்பப் பெயர்தானே! நமக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியலாகச் சுருங்கிக் கிடக்கும் அப்பாதான். எனக்கு ஞானம் பிறந்த அந்த நேரத்தில், பக்கத்துக் கடையில் தைக்கும் பாபு பாய் மேஜையைத் தட்டினார்.

"எந்திரிங்கம்மா, ஜெர்மனி எங்கியும் போவாது. கட்சிக்காரரு பனியனுக்கு நின்னுக்கினு இருக்காரு, ஜல்தி."

ஒட்டியாகிவிட்டது

பிள்ளைகளிடம் போனில் கேட்டு, அவரவர் அப்பா பெயரை ஒட்டினேன். அப்பா இல்லாத ஒருத்திக்கு அம்மா பெயர். வாங்க வந்த பி.டி. டீச்சர் ஸ்டெல்லா ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். இதுதான் அசல் ஜெர்மனி முறை என்று விளக்கினேன். காதில் ஏறவில்லை.

"ஊர்ல இந்த அப்பாங்களயெல்லாம் பேர் சொல்லிக் கூப்புட ஆளே கெடயாதுங்க. நாளைக்கு கிரவுண்டே கூப்புடுமே, நான் என்னா பண்ணுவேன்?"

ஃபைனல்

கடையைப் பூட்டிவிட்டு நானும் விழுப்புரம் போனேன். எனக்கு முன்வரிசையில் சங்கீதாவின் அப்பா ஏழுமலை. மல்லாட்டை பயிர் வைக்கும் மனுஷர். மேட்ச் முடிந்ததும் மகளைக் கையோடு கூட்டிப்போக வந்திருந்தார். பந்து கோல் பக்கம் வந்ததும் கூட்டம் "ஏழுமலை, புடி" என்று கத்த, மனுஷர் திடுக்கிட்டு எழுந்து நின்றார். மகள் பாய்ந்து பிடித்ததும் "சபாஷ் ஏழுமலை" என்றார்கள். துண்டைச் சரிசெய்துகொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

கொளுத்துகிற வெயில்தான். ஆனாலும் எனக்கு அந்த மைதானத்தில் சன்னமாக மழை பெய்வதாகவே இருந்தது. வெள்ளைச் சட்டைகள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தன. முதுகெல்லாம் அப்பாக்கள். எவ்வளவு நேரம் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தேனோ தெரியாது. கடைசியில் ஒரு பந்து சங்கீதாவின் விரலைத் தடவிக்கொண்டு உள்ளே போய்விட்டது. தோற்றுவிட்டோம். எனக்கு அழுகையே வந்தது. என் பின்னாலிருந்து ஒருவர், ஏழுமலை காதில் விழும்படியாகவே சலித்துக்கொண்டார்.

"எல்லாரும் நல்லாத்தான் ஆடுனாங்க, இந்த ஏழுமலதான் கோட்ட உட்டுட்டான்."

உரிக்க முடியுமா?

அடுத்த வாரம் ஏழுமலையே கடைக்கு வந்தார். கையில் அந்தப் பச்சைச் சட்டை. ஸ்டூலை இழுத்துப் போட்டேன். அவள் விடுதிக்குப் போகக் கொஞ்சநஞ்சம் இருந்த வழியையும் என் ஜெர்மனி முறை அடைத்துவிட்டதே என்று நொந்துபோனேன். பாபு பாய் டீ குடிக்க நழுவிவிட்டார்.

மனுஷர் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். முதுகிலிருக்கும் பெயரை உரித்துவிட்டு மகள் பெயரை ஒட்டித் தர முடியுமா என்று கேட்டார். அவள்தான் இனி ஆடப்போவதில்லையே, எதற்கு என்றேன். சட்டையை மேஜைமேல் விரித்துத் தடவிவிட்டார்.

"கோல் உட்டது அவ, பேச்சு வாங்கனது நானு. அவ பேரையே போட்டுக் குடும்மா, ஆஸ்டல்ல போயி அவளே வாங்கிக்கட்டும்."

ஒட்டியதை உரிக்கச் சொல்வதைப் போன்ற பேஜாரு எங்கள் தொழிலிலேயே கிடையாது என்று எல்லாரிடமும் புலம்புகிறவள், அன்று ஏழுமலையை உரித்து முடிக்கிறவரைக்கும் சிரித்த வாயை மூடவில்லை.