அரக்குச் சாயத்தில் நின்ற நூல்

பிள்ளையார்பாளையத்தில் மோட்டார் கெட்டால் அம்சவேணியைத்தான் கூப்பிடுவார்கள். பட்டு நூல் சுற்றிப் பழகிய கை, அண்ணன் கடையில் செம்புக் கம்பி சுற்றக் கற்றுக்கொண்டது. மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ் பெட்டிகள் ஊருக்குள் வந்தபோது, பழுதான ஒன்றைப் பிரித்துப் பிரித்து மாட்டியே அதையும் படித்துவிட்டாள். இத்தனை வருடத்தில் சாயப்பட்டறைக்காரர் கலியாணசுந்தரம் அவளை இப்படிப் பதறி அழைத்ததில்லை.

ஆயுத பூஜை முடிந்து எட்டாம் நாள் காலை. தொட்டியில் அரக்குச் சாயம் கொதித்தது. நூல் கட்டுகளான சிட்டங்களைச் சுழற்றும் இயந்திரம் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. நின்றால் சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். நூலுக்குரிய நெசவாளர் குமரன் கோலால் சிட்டங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். நீளவாட்டில் ஓடும் பாவு, அதே நிறத்தில், அவர் தறியில் ஏறிவிட்டது. குறுக்கே நெய்யும் இந்த ஊடை நூல் அதோடு சேராவிட்டால் அந்தப் புடவை இல்லை.

“டிரைவ் பெட்டில கரண்டு கம்மின்னு காட்டுது. லைட்டு நல்லாத்தாம்மா எரியுது,” என்றார் கலியாணசுந்தரம். “அது நிறுத்தாத மாதிரி பண்ணிட்டு ஓட்டும்மா.”

“அப்பறம் டிரைவே போயிடும்ணா.”

டிரைவுக்குள் மின்சாரம் நுழையும் இடத்தில் அளந்தாள். மூன்று கம்பிகளுக்கிடையிலும் நானூற்றுப் பத்து வோல்ட். குறையே இல்லை. உள்ளே திருகு தளர்ந்திருக்குமோ? மெயினை அணைத்தாலும் பெட்டிக்குள் தேங்கிய மின்சாரம் வடியப் பத்து நிமிடம் ஆகும். அணைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

“இன்னாமா, சும்மா நின்னுக்கினுகீற? நூலு வெந்துக்கினுகீது!” என்றார் குமரன்.

“இப்பத் தொட்டா நான் வெந்துடுவேன்ணா.”

திருகுகள் எல்லாம் இறுக்கம். பத்து நிமிடம் வீண். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மோட்டார் நிற்கும்போதல்லவா அளந்தாள்! இழுத்துப் பார்க்காதவரை இற்ற இழையும் முழு இழை போலத்தான் இருக்கும்.

ஓடவிட்டு அளந்தாள். மூன்றில் இரண்டு அளவுகள் முந்நூற்று நாற்பதுக்கு இறங்கின. இயந்திரம் நின்றது. மறுபடி ஓட்டி, பியூஸ் கட்டைகளுக்கு முன்னால் அளந்தாள். நானூறுக்கு மேல். அப்படியானால் கோளாறு கட்டைகளில்தான். மெயினை அணைத்து ஒவ்வொரு கட்டையாக உருவினாள். மூன்றாவது சுட்டது. அதன் செம்பு நாக்கில் கருகிய சந்தனம்.

பூஜையன்று கட்டைகளைத் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்துத் திரும்ப மாட்டியது அவளேதான். ஈரம் கட்டையின் பீங்கானிலிருந்து நாக்குக்கு வழிந்து, காய்ந்து மின்சாரத்தை மறித்திருக்கிறது.

“நான் வச்ச பொட்டுதாண்ணா,” என்றாள். புறங்கையால் கண்ணைத் துடைத்தாள்.

“சாமிக்கு வச்சதும்மா. அழுவறத அப்பறம் வச்சிக்கோ. மாத்து, மாத்து,” என்றார் கலியாணசுந்தரம்.

சூட்டில் பிடிப்பு தளர்ந்திருந்ததால் கட்டையை முழுதாகவே மாற்றினாள். இயந்திரம் ஓடியது. எண் இறங்கவில்லை. ஆனாலும் அவள் போகவில்லை. ஈர நூலில் நிறம் தெரியாது.

மதியம், நிழலில் காய்ந்த சிட்டங்களைக் குமரன் வீட்டுக்குக் கொண்டுபோய், அம்சவேணி பக்கத்தில் நிற்க, தன் தறியில் பாவின் மேல் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார்.

“ஒன்னு மட்டும் லேசா வெளுத்துகீது. இடுப்புல சொருவுற பக்கம் போட்டுக்கறேன்.”

“தெரியாதாண்ணா?”

“கட்டிக்கினா தெரியாதும்மா.”

அம்சவேணி அந்தச் சிட்டத்தை எடுத்துப்போய், வாசல் வெளிச்சத்தில் இன்னொரு முறை திருப்பிப் பார்த்தாள்.